மறைந்திருக்கும் இருபத்தாறு சீட்டுகள்

எங்கள் வீட்டுக்குள் சீட்டுக்கட்டு நுழைந்ததே கிடையாது. கல்யாண மண்டபங்களில் மாடியில் ஜமக்காளம் விரித்து மாமாக்களும் சித்தப்பாக்களும் ரம்மி ஆடிக்கொண்டிருப்பார்கள். அப்பா மட்டும் அந்தப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்க மாட்டார். காரணம் தாத்தா. தஞ்சாவூர் பக்கம் எங்களுக்கு இருந்த கொஞ்ச நிலத்தில் ஒன்றரை மா, மூணு சீட்டில் போயிற்று. ஒரே ராத்திரி. அப்பாவுக்கு அப்போது பதினொரு வயது. மறுநாள் காலையில் பாட்டி அடுப்பு மூட்டவில்லை என்பதைத் தவிர அவர் அதைப் பற்றி எங்களிடம் அதிகம் சொன்னதில்லை.

அப்படிப்பட்ட வீட்டிலிருந்து வேலைக்காகக் கொல்கத்தா வந்து சேர்ந்தவன் நான். இந்த ஊரில் சீட்டைத் தவிர்த்து வாழ்வது மீனைத் தவிர்த்து வாழ்வதைவிடக் கஷ்டம். சாயங்கால லோக்கல் ரயிலில் ஏறினால், நான்கு பேர் முழங்காலுக்கு மேல் ஒரு செய்தித்தாளை விரித்து 'இருபத்தொன்பது' ஆடிக்கொண்டிருப்பார்கள். ஜாக்கிக்கு மூன்று, ஒன்பதுக்கு இரண்டு, ஏஸுக்கும் பத்துக்கும் ஒவ்வொன்று. கேட்ட மாதிரி இருக்கிறதா? நம்ம ஊரிலும் கேரளத்திலும் ஆடும் 28-இன் ஒன்றுவிட்ட தம்பி. யாழ்ப்பாணத்துக்காரர்களின் 304-உம் இதே குடும்பம்தான். அங்கே ஜாக்கிக்கு 30, ஒன்பதுக்கு 20, ஏஸுக்கு 11, பத்துக்கு 10, ராஜாவுக்கு 3, ராணிக்கு 2. கூட்டினால் ஒரு ஜாதிக்கு 76, நான்கு ஜாதிக்கு 304. டச்சுக்காரர்கள் கொண்டுவந்த ஆட்டத்தின் வாரிசுகள் இவை என்று நம்பப்படுகிறது. துருப்பைக் கவிழ்த்து வைத்து, 'அது என்னவாக இருக்கும்' என்று எதிராளியை மண்டையை உடைத்துக்கொள்ள வைப்பதுதான் இந்தக் குடும்பத்தின் அடையாளம்.

எங்கள் குடியிருப்பில் மூன்றாவது மாடி தாதா (நம்ம ஊர் தாதா இல்லை, வங்காளத்தில் அண்ணன்!) ஒரு மழை நாளில் என்னைப் பிடித்து பிரிட்ஜ் மேஜையில் உட்கார வைத்தார். நாலாவது ஆளுக்குக் காய்ச்சல், அதனால்தான். அன்றிலிருந்து வாரம் ஒரு நாள். காசு கிடையாது. இருந்தாலும் ஊருக்கு ஃபோன் பேசும்போது அப்பாவிடம் இதைச் சொல்லவே இல்லை. பல வருஷம் சொல்லவில்லை.

தெரியாதவர்களுக்காக ஆட்டத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நான்கு பேர், எதிரெதிரே இருப்பவர்கள் கூட்டாளிகள், ஆளுக்குப் பதிமூன்று சீட்டு. முதலில் ஏலம். 'இத்தனை பிடி பிடிப்போம், இது துருப்பு' என்று கேட்க வேண்டும். துருப்பே வேண்டாம் என்றும் கேட்கலாம். ஏலத்தில் ஜெயித்தவர் டிக்ளேரர். எதிராளி முதல் சீட்டை இறக்கியதும் டிக்ளேரரின் கூட்டாளி தன் சீட்டுகளை மேஜையில் மல்லாக்க விரித்துவிட்டு டீ போடப் போய்விடலாம். அவர் கைக்குப் பெயர் டம்மி. இரண்டு கையையும் டிக்ளேரரே ஆடுவார். ஆக, அவருக்குத் தெரிந்தது 26 சீட்டு, தெரியாதது 26. அந்த 26-உம் எதிராளிகள் இருவருக்குள் பிரிந்திருக்கக்கூடிய விதங்கள் மொத்தம் 1,04,00,600. ஒரு கோடியே நாலு லட்சத்துச் சொச்சம்! ஆனால் பயப்பட வேண்டாம். முதல் சீட்டு கீழே விழுந்ததுமே அதில் சரிபாதி அடிபட்டு 52,00,300 ஆகிவிடும். அந்த ஒரு சீட்டு யாரிடம் இருந்தது என்பது தெரிந்துவிட்டதே. அதற்கப்புறம் விழும் ஒவ்வொரு சீட்டும் கொஞ்சம் கொஞ்சமாகக் கழிக்கும். டிக்ளேரரின் வேலையே இந்தக் கழித்தல்தான்.

இந்தக் கழித்தல் கணக்குக்கு ஒரு சரித்திரம் உண்டு. எனக்கு ஆட்டத்தைவிட இந்தச் சரித்திரம்தான் பிடித்துப்போயிற்று.

ஆதி மூலம் இங்கிலாந்தின் விஸ்ட் ஆட்டம். 1742-இல் எட்மண்ட் ஹாய்ல் அதற்கு ஒரு சிறு நூல் எழுதினார். குறிப்பிட்ட ஒரு சீட்டு கூட்டாளியிடம் இருக்க எத்தனை வாய்ப்பு என்ற மாதிரியான கணக்குகள் அதிலேயே வந்துவிட்டன. விஸ்டில் டம்மி கிடையாது, மூன்று கையும் மறைவு. அதனால் ஒரு சீட்டு மூன்று பேரில் யாரிடமும் இருக்கலாம், கூட்டாளியிடம் இருக்க மூன்றில் ஒரு பங்கு வாய்ப்பு. இன்றைக்கு இது பள்ளிக்கூடக் கணக்கு. அன்று சீட்டாட்டத்தை இப்படிப் பார்த்ததே புதுசு. 1862-இல் ஹென்றி ஜோன்ஸ் என்ற மருத்துவர், 'காவெண்டிஷ்' என்ற புனைபெயரில் எழுதிய நூல் அடுத்த படி. இறக்கும் சீட்டு ஒவ்வொன்றும் ஒரு பேச்சு, அதற்கு அர்த்தம் உண்டு என்று அவர் முறைப்படுத்தினார்.

1890-களில் லண்டன் கிளப்புகளில் பிரிட்ஜ் வந்தது. ஒரு கையை விரித்து வைக்கும் வழக்கமும் கூடவே வந்தது. சின்ன மாற்றம்தான், ஆனால் ஆட்டத்தின் குணமே மாறிவிட்டது. பாதி சீட்டு கண்ணுக்குத் தெரிந்தால்தானே மீதியைப் பற்றி ஒழுங்காக யோசிக்க முடியும்? பிறகு ஏலம் சேர்ந்து ஆக்‌ஷன் பிரிட்ஜ் ஆனது. இதன் பிறப்புக் கதையில் நம் அலகாபாத்தின் பெயரும் அடிபடுகிறது. அங்கே 'ஜான் டோ' என்ற புனைபெயரில் ஒருவர் மூன்று பேர் ஆடும் ஆக்‌ஷன் பிரிட்ஜைப் பற்றிப் புத்தகமே போட்டிருக்கிறார். 1925-இல் ஹெரால்ட் வாண்டர்பில்ட் என்ற அமெரிக்கப் பணக்காரர், பனாமா கால்வாய் வழியாகப் போன 'ஃபின்லாந்து' கப்பலில் நண்பர்களோடு புதிய மதிப்பெண் முறையைப் பரிசோதித்தார். ஏலத்தில் கேட்ட அளவுக்கு மட்டும்தான் பெரிய பலன் என்பது அதன் சாரம். இன்று உலகம் ஆடும் கான்ட்ராக்ட் பிரிட்ஜ் இதுதான்.

அந்த மாற்றத்தால் ஏலம் கூர்மையானது. கூர்மையான ஏலம் என்றால் அதிகத் தகவல். மொத்தச் சீட்டுக்கட்டில் 40 பாயிண்ட் என்று ஒரு கணக்கு உண்டு. ஏஸ் 4, ராஜா 3, ராணி 2, ஜாக்கி 1. ஏலத்தை ஆரம்பிக்கப் பொதுவாகப் பன்னிரண்டு, பதிமூன்று வேண்டும். முதல் ஆளாக 'பாஸ்' சொன்னவர் ஆட்டத்தில் ஒரு ஏஸ், ஒரு ராஜா, ஒரு ராணி காட்டிவிட்டார் என்று வையுங்கள். ஒன்பது ஆயிற்று. இன்னொரு ஏஸ் அவரிடம் இருந்தால் பதிமூன்று. அப்படி இருந்திருந்தால் பாஸ் சொல்லியிருப்பாரா? மாட்டார். ஆக அந்த ஏஸ் மற்றவரிடம். ஷெர்லாக் ஹோம்ஸ் கதை ஒன்றில் குதிரை லாயத்து நாய் ராத்திரி குரைக்கவில்லை என்பதே துப்பாகும், ஞாபகம் இருக்கிறதா? பிரிட்ஜில் ஒவ்வொரு 'பாஸ்'-உம் குரைக்காத நாய்.

1931 டிசம்பரிலிருந்து 1932 ஜனவரி வரை நியூயார்க்கில் ஈலி கல்பர்ட்சனுக்கும் சிட்னி லென்ஸுக்கும் நடந்த 150 ரப்பர் போட்டியை அமெரிக்கப் பத்திரிகைகள் யுத்தச் செய்தி மாதிரி வெளியிட்டன. கல்பர்ட்சன் 8,980 பாயிண்ட் வித்தியாசத்தில் ஜெயித்தார். அடுத்து கணித மேதைகளே இறங்கினார்கள். பிரான்ஸின் எமில் போரெல், ஆந்த்ரே ஷெரோனோடு சேர்ந்து 1940-இல் பிரிட்ஜின் கணிதத்துக்கென்றே தடித்த நூல் ஒன்று வெளியிட்டார். எதிராளிகளிடம் ஒரு ஜாதியில் ஐந்து சீட்டு இருந்தால் அது 3-2 ஆகப் பிரிய 67.8 சதவீதம், 4-1 ஆக 28.3, 5-0 ஆக 3.9. ஆறு சீட்டு இருந்தால்? சரிசமமாக 3-3 வரும் என்று மனசு சொல்லும். அது 35.5 சதவீதம்தான். 4-2 வருவது 48.4. மனசை நம்பாதே என்பது இதில் முதல் பாடம்.

மனசு ஏமாறுவதற்கு இன்னும் நல்ல உதாரணம் ஒன்று உண்டு. உங்களிடம் ஒரு ஜாதியில் இரண்டு கையிலும் சேர்த்து ஒன்பது சீட்டு. ஏஸ், ராஜா, பத்து உங்களிடம். ராணி, ஜாக்கி, இரண்டு பொடிசுகள் வெளியே. ஏஸை ஆடுகிறீர்கள், வலது பக்கத்துக்காரர் ராணியைப் போடுகிறார். அவரிடம் ராணி மட்டும் இருந்ததா, ராணியும் ஜாக்கியும் சேர்ந்து இருந்தனவா? பாதிக்குப் பாதி என்று தோன்றும். இல்லை. இரண்டும் இருந்திருந்தால் எதை வேண்டுமானாலும் போட்டிருக்கலாம், பாதி தடவை ஜாக்கி விழுந்திருக்கும். ராணி மட்டும் இருந்தவருக்கு வேறு வழியே இல்லை. ஆக, ராணி மட்டும் என்பதற்குக் கிட்டத்தட்ட மூன்றில் இரண்டு பங்கு வாய்ப்பு. ஆலன் ட்ரஸ்காட் இதைப் பற்றி எழுதினார், 1958-இல் டெரன்ஸ் ரீஸ் தன் நூலில் விரிவாக விளக்கிப் பரப்பினார். 1990-இல் அமெரிக்கப் பத்திரிகை ஒன்றில் மூன்று கதவு, ஒரு கார், இரண்டு ஆடு என்று ஒரு புதிர் வந்து பேராசிரியர்களே சண்டைக்கு வந்தார்களே, அதுவும் இதே கணக்குதான். பிரிட்ஜ்காரர்களுக்கு அது முப்பது வருஷம் பழசு.

இதே ரீஸ் மேல் 1965-இல் பெரும் புகார் வந்தது. பியூனஸ் அயர்ஸில் நடந்த உலகப் போட்டியில் ரீஸும் அவர் கூட்டாளி ஷாபிரோவும் சீட்டைப் பிடிக்கும் விரல்களால் சைகை காட்டிக்கொண்டார்கள் என்று. உலக அமைப்பு குற்றவாளிகள் என்றது. 1966-இல் பிரிட்டிஷ் விசாரணை குற்றமில்லை என்றது. உண்மை எது என்ற சண்டை பிரிட்ஜ் உலகத்தில் ஓயவே இல்லை. 1975 உலகப் போட்டியிலிருந்து கூட்டாளிகள் ஒருவரையொருவர் பார்க்க முடியாதபடி மேஜைக்குக் குறுக்கே திரை போட ஆரம்பித்தார்கள். மறைந்த சீட்டை யோசித்துக் கண்டுபிடிப்பது கலை, கேட்டுத் தெரிந்துகொள்வது திருட்டு. ஆட்டத்தின் மானமே இந்த ஒரு கோட்டில்தான் நிற்கிறது.

சரி, என் கதைக்கு வருகிறேன்.

2018-இல் ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் முதல் தடவையாக பிரிட்ஜைச் சேர்த்தார்கள். ஆண்கள் ஜோடிப் பிரிவில் தங்கம் வாங்கியது எங்கள் கொல்கத்தாக்காரர்கள் பிரணாப் பர்தனும் ஷிப்நாத் சர்க்காரும். ஒருவருக்கு 60 வயது, மற்றவருக்கு 56. பேப்பரில் பார்த்துவிட்டு அப்பா ஃபோன் செய்தார். "ஏண்டா, சீட்டாட்டத்துக்கா தங்கம் குடுக்கறான்?" எனக்கு என்ன தோன்றியதோ, "நானும் அதைத்தாம்ப்பா ஆடறேன்" என்று சொல்லிவிட்டேன். அந்தப் பக்கம் சத்தமே இல்லை. "அம்மாகிட்ட குடுக்கறேன்" என்றார்.

அந்த வருஷம் பூஜைக்கு இருவரும் கொல்கத்தா வந்தார்கள். பந்தல்கள் எல்லாம் பார்த்தாயிற்று. ஆட்டத்து நாள் மாலை நான் வீட்டிலேயே இருப்பதைப் பார்த்து அப்பாவே, "எங்க, உன் சீட்டாட்டம் இன்னிக்கு இல்லையா? நானும் வரேன்" என்றார். பார்க்க வருகிறாரா, பிடிக்க வருகிறாரா என்று புரியவில்லை. தாதா அவருக்கு நாற்காலி போட்டு, டீயும் நோன்தா பிஸ்கட்டும் கொடுத்து என் தோளுக்குப் பின்னால் உட்கார வைத்தார்.

அன்று விழுந்த ஒரு கையை என்னால் மறக்க முடியாது. என் கூட்டாளி உற்சாகத்தில் ஏலத்தை ஏற்றிக்கொண்டே போய், துருப்பில்லாமல் பதிமூன்று பிடியும் பிடிப்போம் என்று முடித்துவிட்டார். டம்மி விரிந்தது. ஸ்பேடில் எங்களுக்கு ஏஸ், ராஜா, ராணி. ஹார்ட்டில் அதே மூன்று. டைமண்டிலும் அதே மூன்று. ஒவ்வொன்றிலும் இரண்டு கையிலும் மும்மூன்று சீட்டு. ஒன்பது பிடி நிச்சயம். மீதி நாலும் கிளாவரில் வர வேண்டும். டம்மியில் ராஜா, பத்து, ஏழு, நாலு. என்னிடம் ஏஸ், ஜாக்கி, ஒன்பது, மூன்று. ராணி எங்கே? இடது பக்கம் இருந்தால் ஒரு வழியாக ஆட வேண்டும், வலது பக்கம் இருந்தால் மறு வழியாக. தப்பினால் ஆட்டம் போச்சு.

கிளாவரைத் தொடவே இல்லை. முதலில் ஸ்பேடை மூன்று தடவை ஆடினேன். மூன்றாவது தடவை வலது பக்கத்துக்காரரிடம் ஸ்பேட் இல்லை. வெளியே இருந்தது ஏழு, ஆக இவரிடம் இரண்டு, இடது பக்கத்தில் ஐந்து. பிறகு ஹார்ட். மூன்றாவது சுற்றில் இடது பக்கத்துக்காரரிடம் இல்லை. அவருக்கு இரண்டு, மற்றவருக்கு ஐந்து. பிறகு டைமண்ட், கடைசிப் பிடி டம்மியில் விழுகிற மாதிரி. மூன்றாவது சுற்றில் வலது பக்கத்தில் இல்லை. ஆக இடது பக்கம் ஐந்து.

இப்போது கூட்டுங்கள். இடது பக்கத்துக்காரர்: ஸ்பேட் ஐந்து, ஹார்ட் இரண்டு, டைமண்ட் ஐந்து. பன்னிரண்டு. அவருக்கு வந்த கிளாவர் ஒன்றே ஒன்று! வெளியே இருந்த ஐந்து கிளாவரில் மீதி நாலும் வலது பக்கம். டம்மியிலிருந்து கிளாவர் ராஜாவை ஆடினேன். இடது பக்கத்துக்காரர் தன் ஒற்றைச் சீட்டைப் போட்டார், பொடிசு. அவ்வளவுதான், ராணி வலது பக்கம், சந்தேகமே இல்லை. டம்மியின் பத்தை ஆடினேன். அவர் ராணியைப் போட்டால் என் ஏஸ். போடாவிட்டால் நான் ஒன்பதைப் போட்டு பத்தை ஓட விட்டு, மறுபடியும் அதே வழியில் பிடிக்கலாம். பதிமூன்று பிடியும் வந்தன.

வீட்டுக்கு நடந்து வரும்போது அப்பா கேட்டார். "அந்தக் கண்ணாடிக்காரர்கிட்ட ஒரே ஒரு கிளாவர்தான்னு உனக்கு எப்படிடா தெரியும்?" சொன்னேன். ஐந்து, இரண்டு, ஐந்து, மிச்சம் ஒன்று. தெருவிளக்கு வெளிச்சத்தில் விரல் விட்டு எண்ணிப் பார்த்தார். கொஞ்ச தூரம் பேசாமல் வந்தார். அப்புறம், "எங்கப்பா ஆடினது மூணு சீட்டு. அதுல எண்றதுக்கு ஒண்ணுமே இல்ல" என்றார்.

அவ்வளவுதான் சொன்னார். ஆனால் அப்பா அன்றைக்குச் சொன்னதைத்தான் உச்ச நீதிமன்றமும் 1967 நவம்பரில் சொல்லியிருக்கிறது. செகந்திராபாத் கிளப் ஒன்றில் ரம்மி ஆடியவர்களைப் போலீஸ் பிடித்த வழக்கு அது. மூணு சீட்டு போல ரம்மி முழுக்க அதிர்ஷ்டம் இல்லை, விழுந்த சீட்டுகளை ஞாபகம் வைக்க வேண்டும், திறமை வேண்டும், பிரிட்ஜில் சீட்டு போடும்போது எத்தனை அதிர்ஷ்டமோ அத்தனைதான் இதிலும் என்று தீர்ப்பு. மேற்கு வங்கத்தின் 1957 சூதாட்டச் சட்டம் பிரிட்ஜைப் பெயர் சொல்லியே சூதாட்டத்திலிருந்து விலக்கியிருக்கிறது. ஆனால் அதே உச்ச நீதிமன்றத் தீர்ப்பு, கிளப் நடத்துகிறவர்கள் ஆட்டத்தில் லாபம் பார்த்தால் சங்கதி வேறு என்றும் எச்சரித்தது. திறமை ஆட்டமானாலும் காசு நுழைந்தால் வீடு போகும். கைபேசி ரம்மியில் எத்தனை குடும்பங்கள் போயின என்று நாம் பார்த்துவிட்டோம். 2025-இல் பாராளுமன்றம், திறமையோ அதிர்ஷ்டமோ, ஆன்லைனில் காசு வைத்து ஆடுவதையே தடை செய்து சட்டம் போட்டது.

இந்த எண்ணும் வேலையையும் இயந்திரம் கற்றுக்கொண்டுவிட்டது. 2022 மார்ச்சில் பாரிஸில் 'நூக்' என்ற மென்பொருள் எட்டு சாம்பியன்களோடு மோதியது. ஏலம் இல்லை, டிக்ளேரர் ஆட்டம் மட்டும். 80 செட்டில் 67-ஐ அது ஜெயித்தது. எனக்கு இதில் வருத்தம் ஒன்றும் இல்லை. கூட்டல் யந்திரம் வந்ததால் நாம் கூட்டுவதை மறந்துவிடவா வேண்டும்?

வெளியூரில் பிள்ளைகளை வளர்க்கிற நமக்கு இந்தக் கவலை எப்போதும் உண்டு: எதை வீட்டுக்குள் விடுவது, எதை வாசலில் நிறுத்துவது. அப்பா ஒரு சீட்டுக்கட்டை நாற்பது வருஷம் வாசலிலேயே நிறுத்தினார். அவர் செய்தது தப்பு என்று இன்றும் சொல்ல மாட்டேன். ஒன்றரை மா நிலம் போன வீட்டில் அதுதான் நியாயம். என் பெண்ணுக்கு நான் ஆட்டத்தைச் சொல்லிக்கொடுத்துவிட்டேன், இரண்டே விதிகளோடு. காசு கூடாது. பார்க்காத சீட்டை யூகிக்கும் முன், பார்த்த சீட்டை எண்ணு.

அந்தப் பூஜை முடிந்து ஊருக்குக் கிளம்பும்போது ஹௌரா ஸ்டேஷன் புத்தகக் கடையில் அப்பா எதையோ வாங்கிப் பையில் போட்டுக்கொண்டார். நாங்கள் பத்திரிகை என்று நினைத்தோம். இரண்டு நாள் கழித்து அம்மா ஃபோனில் சொன்னாள். "உங்கப்பா ஒரு சீட்டுக்கட்டு வாங்கிண்டு வந்திருக்கார்டா. கூடத்துல நாலு கையாப் பரப்பி வச்சுண்டு, அஞ்சு, ரெண்டு, அஞ்சுன்னு தனக்குத் தானே எண்ணிண்டு இருக்கார்."